முழங்கால் ஈரம்

அந்தக் கன்றுக்குட்டியின் முன்னால் நான் முழங்கால் போட்டேன். போட்டு மூச்சு விடக்கூட இல்லை, முதுகுக்குப் பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். அடுத்து ஒரு பெண்குரல், நல்ல கனத்த குரல், "அன்பின் ஆண்டவரே" என்று ஆரம்பித்தது.

திரும்பிப் பார்த்தேன். பண்ணைக்காரர் வில்சன், அவர் மனைவி ஷீபா, பக்கத்து வீட்டில் இருக்கும் வில்சனின் அக்காள் லில்லி, மூன்று பேரும் எனக்குப் பின்னால் முழங்காலில் நின்றார்கள். பெண்கள் தலையில் முந்தானை. வில்சன் மாட்டுத் தொழுத்தில் எந்நேரமும் மாட்டியிருக்கும் ரப்பர் பூட்ஸைக் கழற்றித் தள்ளி வைத்திருந்தார். மூவருக்கும் கண் மூடியிருந்தது. ஜெபத்தை நடத்தியது லில்லியக்காள்.

நான் மாட்டு டாக்டர். குலசேகரம் பக்கத்தில் சில வருடங்கள் வேலை பார்த்தேன். அன்றைக்கு நான் முழங்கால் போட்டது ஜெபிப்பதற்காக இல்லை. கன்று படுக்கிற தரை காய்ந்திருக்கிறதா, ஈரமா என்று பார்ப்பதற்காக. கண்ணால் பார்த்தால் தரை பொய் சொல்லும். முழங்காலை ஊன்றிக் கொஞ்ச நேரம் இருந்தால் உண்மை துணி வழியாக ஏறி வந்துவிடும். கன்றுகள் நன்றாக இருக்கின்றனவா என்று பார்க்கப் போகும் இடங்களில் நான் முதலில் செய்கிற காரியம் இதுதான். பையைத் திறப்பது அதற்குப் பிறகு.

ஆனால் அந்த வீட்டில் முழங்காலுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் உண்டு. வரிசையாகக் கன்றுகளைப் பறிகொடுத்தவர்கள் அவர்கள். கடைசியாக நம்பி வரவழைத்த டாக்டர் வந்ததும் வராததுமாக, பையைக்கூடத் திறக்காமல் முழங்காலில் விழுந்தால் என்ன நினைப்பார்கள்? மருந்தெல்லாம் இனி பலிக்காது, மேலே இருப்பவர்தான் பார்க்க வேண்டும் என்று டாக்டரே சொல்லிவிட்டாள் என்று நினைத்துவிட்டார்கள்.

நான் வடசேரிக்காரி. எங்கள் வீட்டில் கும்பிடுவோம், விழுந்து சேவிப்போம், முழங்கால் கிடையாது. ஆனால் படித்தது முழுக்கக் கன்னியாஸ்திரிகள் பள்ளியில். ஜெபத்தின் நடுவே வாயைத் திறக்கக் கூடாது என்பது எனக்கு எலும்பில் ஊறிய பாடம். அதனால் "இது அதில்லைங்க" என்று சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு, கண்ணையும் மூடிக்கொண்டு, முழங்காலிட்டபடியே இருந்தேன்.

லில்லியக்காளின் ஜெபம் சுருக்கமானதல்ல. டாக்டரம்மாவுக்கு ஞானம் கேட்டார். ஊசி மருந்துக்குப் பலன் கேட்டார். தொழுத்தில் நின்ற பசுக்களுக்கு ஒவ்வொன்றாகப் பேர் சொல்லிச் சுகம் கேட்டார். அப்புறம் குரல் இறங்கியது.

"இந்தக் கிடாரிக் கன்னு பிழைக்கணும் ஆண்டவரே. இதும் போச்சுன்னா எந்தம்பி மாட்டையெல்லாம் வித்துப்போட்டு மறுபடியும் கடலு கடந்து போயிருவான். அவன் பொண்டாட்டி இனியும் ஒத்தையில கெடக்காண்டாம்."

ஷீபா விசும்பியது கேட்டது. என் முழங்கால் இரண்டிலும் சில்லென்று ஈரம் ஏறிக்கொண்டிருந்தது.

மணலில் கற்ற பாடம்

ஜெபம் முடிவதற்குள் வில்சனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நேரம் இருக்கிறது.

வில்சன் வளைகுடாவில் ஒரு பெரிய பால் பண்ணையில் பல வருடங்கள் வேலை செய்தவர். மணலுக்கு நடுவே ஒரு ஊர் அளவுக்குப் பண்ணை. அவருக்குக் கன்றுப் பிரிவில் வேலை. கன்று பிறந்த அன்றே தாயிடமிருந்து பிரித்து, தனித்தனிப் பிளாஸ்டிக் கூண்டில் விட்டுவிடுவார்கள். கூண்டுகள் கண்ணுக்கு எட்டிய தூரம் வரிசையாக நிற்குமாம். ஒரு கூண்டுக்கு ஒரு வாளிப் பால், நகர், அடுத்த கூண்டு. அதுதான் காலை, அதுதான் மாலை.

கல்யாணம் ஆனதிலிருந்து ஷீபாவோடு அவர் சேர்ந்திருந்தது விடுமுறைகளில் மட்டும். போதும் என்று ஒருநாள் திரும்பி வந்தார். குலசேகரத்துக்கு மேலே, அப்பா நட்ட ரப்பர் மூடுகளுக்கு, எங்கள் பக்கத்துப் பேச்சில் மரம்தான் மூடு, ஓரமாக ஒரு தொழுத்து கட்டி ஏழெட்டுப் பசுக்களை வாங்கினார். இனி ஊரோடுதான் என்று ஷீபாவிடம் சொன்னார். ஷீபா நம்பினார்.

அங்கே கண்டதை வில்சன் இங்கே அப்படியே செய்தார். அந்த மாதிரிக் கூண்டு இங்கே கிடைக்கவில்லை. கறுப்புத் தண்ணீர் டேங்குகளை வாங்கி, ஒரு பக்கத்தை அறுத்து வாசலாக்கி, அடிப்பக்கத்தையும் அறுத்துவிட்டு, வரிசையாகக் கிடத்திவைத்தார். கன்றுக்கு ஒரு டேங்க். முன்னால் கம்பித் தடுப்பு போட்ட சின்ன முற்றம். டேங்குக்கும் முற்றத்துக்கும் அடியில் கான்கிரீட். ரப்பர் ஊர்க்காரர் அல்லவா, கான்கிரீட்டின் மேல் தடித்த ரப்பர் மேட். மழைக்கு எல்லாவற்றுக்கும் மேலே தகரக் கூரை.

பார்த்தால் அவ்வளவு நேர்த்தி. சாணி விழுந்த சத்தம் கேட்டாலே வில்சன் ஹோஸைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். காலையும் மாலையும் மேட்டைத் தேய்த்துக் கழுவுவார். என் வீட்டுச் சமையலறை அத்தனை சுத்தமாக இருந்ததில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

கன்றுகள்தான் தங்கவில்லை. பிறந்த சில வாரங்களில் இருமும். மூக்கில் சளி இறங்கும். ஒரு காது மட்டும் தொங்கும். பால் வாளியைத் திரும்பிப் பார்க்காது. பிறகு ஒரு காலையில் விறைத்துக் கிடக்கும். ஒன்று போனது, அடுத்தது போனது, அதற்கடுத்ததும் போனது. வளைகுடாவிலிருந்து பழைய மேற்பார்வையாளர் போன் செய்து, வருகிறாயா, உன் இடம் காலியாகத்தான் இருக்கிறது என்று கேட்டுவிட்டார். கன்று வளர்க்கத் தெரிந்தவன் என்ற ஒரே நம்பிக்கையில் ஊருக்கு வந்த மனிதர். அந்த நம்பிக்கையே போனால் மிச்சம் என்ன இருக்கிறது?

என்னைக் கூப்பிட்டது ஷீபா. வில்சனுக்கு அதில் விருப்பமில்லை. அத்தனை கன்று வளர்த்தவனுக்கு இன்னொருத்தி வந்து சொல்லித் தருவதா என்ற ரோஷம் முகத்திலேயே எழுதியிருந்தது. நான் போன அன்று நல்ல மழை. ஆடி மழையா ஐப்பசி மழையா என்று இப்போது நினைவில்லை. குலசேகரத்து மேட்டில் இரண்டும் ஒரே மாதிரிதான் நனைக்கும்.

சாதுக் கன்றுகள்

தொழுத்துக்குள் நுழைந்ததும் என்னை உறுத்தியது கன்றுகளின் சத்தமில்லாமை.

நோயில் கிடந்த கிடாரியைத் தவிர இன்னும் இரண்டு கன்றுகள் இருந்தன. அடுத்த டேங்கில் ஒரு காளைக்கன்று. அதற்கும் அப்பால், பிறந்து கொஞ்ச நாளே ஆன ஒரு சிவலைக் கன்று. புது ஆள் வந்திருக்கிறேன், ஸ்கூட்டர் சத்தம் கேட்டிருக்கிறது, மழைக்கோட்டு சரசரக்கிறது. ஒரு தலைகூட வெளியே நீளவில்லை.

வில்சன் பெருமையாகச் சொன்னார். "எல்லாம் நல்ல சாதுக் கன்னு டாக்டரே. ஒரு தொந்தரவும் கெடையாது."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இந்த வார்த்தையை நான் பெண்பார்க்கும் படலங்களில் நிறையக் கேட்டிருக்கிறேன். பிள்ளை சாது, வாய் திறக்காது என்பார்கள். திறக்கவிட்டால்தானே தெரியும் என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன். கன்றுக்குட்டி என்பது சாதுவாக இருக்கவேண்டிய பிராணியே இல்லை. கன்று சாதுவாக இருந்தால் எனக்குப் பயமாக இருக்கும்.

கல்லூரியில் எங்களுக்கு ஒரு பயிற்சி உண்டு. கன்றுகள் கட்டிப்போடாமல் நிற்கும் கொட்டடிக்குள் போய், கையை நீட்டிக்கொண்டு அசையாமல் நிற்கவேண்டும். கூப்பிடக் கூடாது. தொடப் போகக் கூடாது. எந்தக் கன்று தானாக வருகிறது, எவ்வளவு தயங்கி வருகிறது என்று பார்க்கவேண்டும். மனிதக் கை என்றால் அதற்கு என்ன பழக்கம், அடியா அன்பா என்பதைக் கன்று அதிலேயே சொல்லிவிடும்.

முதல்முறை நான் நின்றபோது கை வலித்தது, மாடு மாதிரி நிற்கிறாளே என்று பையன்கள் சிரித்தார்கள். நான் அவர்களை முறைத்துக்கொண்டிருந்த நேரத்தில் உள்ளங்கையில் ஏதோ ஈரமாகத் தொட்டது. குனிந்து பார்த்தால் ஒரு கன்று. மூக்கை என் கையில் வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்க்கிறது. யாரும் அதை வரச் சொல்லவில்லை. அதுவாக யோசித்து, அதுவாக முடிவெடுத்து வந்திருக்கிறது. உடம்பெல்லாம் சிலிர்த்துப்போய் நின்றேன். எனக்கு அதுவரை மாடு என்பது பரீட்சைக்குப் படிக்கிற விஷயம். அன்றிலிருந்து அப்படி இல்லை.

வில்சனின் தொழுத்திலும் அந்தக் காளைக்கன்றின் முன்னால் கையை நீட்டினேன். அது பின்னால் நகர்ந்து டேங்கின் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டது. அதை யாரும் அடித்ததில்லை. வில்சன் அடிக்கிற ஆளே இல்லை. வாளியைத் தவிர அதனிடம் எதுவும் வந்ததில்லை, அவ்வளவுதான்.

பேச்சிப்பாறையில் ஒரு தந்திரக்காரி

இதைப் பார்த்ததும் எனக்கு ஒரு பசுவின் ஞாபகம் வந்தது. அதையும் சொல்லாமல் போனால் இந்தக் கதை முழுமையாகாது.

அணைக்கு மேலே காட்டோரத்தில் மேயவிடும் மாடுகள் உண்டு. அதில் ஒரு சினைப்பசு ஒருநாள் வயிறு வற்றித் திரும்பி வந்தது. கன்றைக் காணோம். நரி தூக்கிப் போய்விட்டதோ என்று வீட்டுக்காரர் கலங்கிப்போனார். நான் அந்தப் பக்கம் தடுப்பூசி போடப் போயிருந்தேன். பசுவைப் பின்தொடர்ந்தால் காட்டிக்கொடுத்துவிடும் என்று நாங்கள் இரண்டு பேரும் அதன் பின்னால் நடந்தோம்.

அந்தப் பசு எங்களைக் கண்டதும் மேய ஆரம்பித்தது. நிதானமாக, ஒரு கவலையும் இல்லாத மாதிரி, எங்களை ஒரு சரிவு முழுக்க அழைத்துக்கொண்டு போனது. மடி கனத்துப் பால் சொட்டுகிறது. ஆனால் திரும்பிப் பார்க்கவில்லை, கத்தவில்லை. கடைசியில் நாங்கள் சலித்துப்போய் ஒரு பாறைக்குப் பின்னால் உட்கார்ந்தபோதுதான், அது மேய ஆரம்பித்த இடத்துக்கே திரும்பிப் போய் ஒரு புதரின் முன்னால் நின்று அடித்தொண்டையில் மெதுவாக ஒரு சத்தம் கொடுத்தது. புதருக்குள்ளிருந்து கன்று எழுந்து வந்தது. நாங்கள் முதலில் நின்றிருந்த இடத்திலிருந்து கையெட்டும் தூரம். நாங்கள் பேசிய அத்தனையையும் கேட்டுக்கொண்டு, காதைக்கூட அசைக்காமல் அங்கேயே கிடந்திருக்கிறது.

பிறந்து ஒரு நாள் ஆகியிருந்தால் அதிகம். யார் சொல்லிக் கொடுத்தது அதற்கு? அம்மா போய்விட்டு வருவாள், அதுவரை மூச்சுக் காட்டாமல் கிட என்பது அதன் இரத்தத்தில் இருக்கிறது. வீட்டுக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். எனக்கு அந்தப் பசுவைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

வில்சனின் டேங்குகளைப் பார்த்தபோது அந்தப் புதர்தான் கண்ணில் வந்தது. இந்தக் கன்றுகள் சாது இல்லை. இவை தங்களுக்குத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்துகொண்டிருக்கின்றன. அம்மா வரும்வரை சத்தமில்லாமல் கிடக்கின்றன. அவள் வரமாட்டாள் என்று இவற்றிடம் யாரும் சொல்லவில்லை.

இதையெல்லாம் யோசித்துக்கொண்டுதான் கிடாரியின் தடுப்பைத் திறந்து, டேங்கின் வாசலில் முழங்கால் போட்டேன்.

ஆமென்

முழங்கால் போட்டால் தரை தெரியும் என்றேன். இன்னொன்றும் தெரியும். மூக்கு, கன்றின் மூக்கு இருக்கும் உயரத்துக்கு வந்துவிடும். நின்றுகொண்டிருந்தபோது எனக்கு எந்த வாடையும் அடிக்கவில்லை. கீழே இறங்கியதும் மூத்திர நெடி கண்ணைக் கரித்தது. லில்லியக்காள் ஆமென் சொல்லும்போது நான் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். டாக்டரம்மா உருகிப்போய்விட்டார் என்று அவர் நினைத்திருப்பார். பாதி அது உண்மைதான்.

எல்லோரும் எழுந்தார்கள். லில்லியக்காள்தான் முதலில் குனிந்து பார்த்தார். சேலையில் முழங்கால் இருக்கும் இடத்தில் வட்டமாக இரண்டு ஈரத் திட்டுகள். ஷீபாவின் சேலையிலும் அப்படியே. வில்சனின் கைலியில் இன்னும் பெரிதாக.

"இதென்ன இம்புட்டு வெள்ளம்?" என்றார் லில்லியக்காள்.

ரப்பர் மேட்டைப் பார்த்தால் காய்ந்துதான் இருந்தது. கறுப்பாக, பளிச்சென்று. வில்சன் குனிந்து உள்ளங்கையை அதன்மேல் அழுத்தினார். மேட்டின் ஓரத்தில் அடியிலிருந்து தண்ணீர் கசிந்து வந்தது. விரலை மூக்கருகே கொண்டுபோனார். முகம் மாறிவிட்டது. அந்த இடத்தில் அவர் தினமும் நின்றிருக்கிறார், ஆனால் பூட்ஸோடு நின்றிருக்கிறார். ஜெபத்துக்காக அதைக் கழற்றியதால்தான் அன்றைக்குத் தரை அவரைத் தொட்டது.

எனக்குக் கொட்டித் தீர்க்க நிறைய இருந்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் குரல் தானாகத் தணிந்துவிட்டது. நான் ஜெபம் பண்ணவில்லை, தரையைத்தான் சோதித்தேன் என்பதை முதலில் சொன்னேன். பிறகு மெதுவாக மற்றதைச் சொன்னேன். அங்கே வளைகுடாவில் கூண்டுக்கு அடியில் மணல். விழுந்ததை மணல் குடித்துவிடும், மிச்சத்தை வெயில் காய்ச்சிவிடும். இங்கே கான்கிரீட் குடிக்காது, மேட் குடிக்காது, தகரக் கூரை வெயிலை விடாது. கழுவக் கழுவத் தண்ணீர் அடியில் தங்குகிறது. கன்று நாளில் பெரும்பகுதி படுத்துக் கிடக்கிற பிராணி. அதன் நெஞ்சு முழுக்க இந்த ஈரத்தின் மேல்தான் கிடக்கிறது, அதன் மூக்கு முழுக்க இந்த நெடியில்தான் இருக்கிறது. நுரையீரல் எத்தனை நாள் தாங்கும்?

வில்சன் ஈரக் கையைக் கைலியில் துடைத்தார்.

"அப்ப நான் கழுவிக் கழுவித்தான் கொன்னேனா டாக்டரே?" என்று கேட்டார்.

நல்லது என்று நினைத்துத்தானே செய்தீர்கள் என்றேன். அது ஆறுதலாகாது என்று எனக்கும் தெரிந்தது. பையைத் திறந்து கிடாரிக்கு ஊசி போட்டேன். காய்ச்சல் கொதித்தது. நான் கழுத்தைப் பிடித்தபோது அது திமிரவில்லை. ஆனால் ஊசி எடுத்த பிறகு, ஈரமாக இருந்த என் முழங்காலை ஒரே ஒரு தடவை நக்கியது. அந்த நிலையிலும் அதற்கு என்னை யாரென்று அறிய ஆசை இருந்திருக்கிறது.

கிளம்பும்போது ஷீபா ஸ்கூட்டர்வரை வந்தார். பிழைக்குமா என்று கேட்கவில்லை. "நான் என்ன செய்யணும், அதச் சொல்லுங்க" என்றார். அந்தக் கேள்விக்காகவே எனக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது.

கால் தெரியாத படுக்கை

நான் கேட்டது வைக்கோல். கொஞ்சம் இல்லை, நிறைய. கன்று படுத்தால் அதன் கால் வெளியே தெரியக் கூடாது, அவ்வளவு.

ரப்பர் காட்டில் வைக்கோலுக்கு எங்கே போவது? ஷீபா பிறந்த வீடு தோவாளைப் பக்கம், வயல்காரர்கள். ஒரு போன் போட்டார். மறுநாள் மத்தியானம் ஒரு டெம்போ நிறைய வைக்கோல் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு மலையேறி வந்துவிட்டது. வில்சன் மேட்டையெல்லாம் பிடுங்கிப் போட்டார். கான்கிரீட்டைக் காயவிட்டு, சரிவு கொடுத்து, மரத்தூள் பரப்பி, அதன்மேல் வைக்கோலைக் குவித்தார். அழுக்கு சேருமே, ஈ வருமே என்று ஒரு பக்கம் முனகிக்கொண்டேதான் செய்தார். அத்தனை வருடப் பழக்கம் ஒரு நாளில் போய்விடுமா என்ன. ஈரமானதை அள்ளிவிட்டு மேலே புதிது போடுங்கள், ஹோஸை மட்டும் தயவுசெய்து எடுக்காதீர்கள் என்றேன்.

தகரக் கூரையில் ஒரு வரிசைத் தகட்டைக் கழற்றிக் கண்ணாடித் தகடு போட்டார், வெளிச்சம் இறங்கியது. குடிக்கத் தண்ணீர் வைக்கச் சொன்னேன். பால்தானே குடிக்கிறது, தண்ணீர் எதற்கு என்று அதுவரை வைக்காமல் இருந்தார்கள். பாலும் போதாது, இரண்டு மடங்காக்குங்கள் என்றேன். விற்கிற பால் குறையுமே என்று வில்சன் ஷீபாவைப் பார்த்தார். ஷீபா தலையாட்டிவிட்டார்.

கிடாரியைப் புது வைக்கோலில் விட்டபோது நான் அங்கே இருந்தேன். அது அசையாமல் நின்றது. வைக்கோலை முகர்ந்தது. ஒரு துரும்பைக் கடித்துத் துப்பியது. பிறகு நின்ற இடத்திலேயே வட்டமாகச் சுற்றியது. முன்னங்கால்களை மடக்கியது, பின்பக்கத்தை இறக்கியது, அப்படியே உள்ளே அமிழ்ந்துபோனது. கால் தெரியவில்லை. அப்புறம் ஒரு பெருமூச்சு விட்டது. களைத்து வந்து கட்டிலில் விழுகிறவர்கள் விடுவார்களே, அதே பெருமூச்சு.

எத்தனை வருடங்கள் இந்த வேலையில் இருந்தாலும் எனக்கு இது பழகவில்லை. பிறந்த நாள் முதல் வைக்கோலைக் கண்டிராத ஒரு ஜீவனுக்கு, அதில் எப்படிச் சுற்றிப் படுக்கவேண்டும் என்று தெரிந்திருக்கிறது. அந்தக் கறுப்பு மேட்டின் மேல் கிடந்த அத்தனை நாளும் அந்த அறிவு அதற்குள்ளே காத்துக்கொண்டிருந்திருக்கிறது.

ஆனாலும் அடுத்த சில நாட்கள் மோசமாகத்தான் போயின. காய்ச்சல் இறங்கியது, மறுபடி ஏறியது. மருந்தை மாற்றினேன். வில்சன் கடவுச்சீட்டை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டார் என்று ஷீபா போனில் சொன்னார். அதைச் சொன்ன குரல் எனக்குப் பிடிக்கவில்லை. அழுதால்கூடத் தேவலை என்றிருந்தது.

அதற்குப் பிறகு ஒரு காலையில் நான் போனபோது, கிடாரி எழுந்து நின்று காளைக்கன்று இருந்த பக்கத்துத் தடுப்பை நக்கிக்கொண்டிருந்தது. தொங்கிய காது நிமிர்ந்திருந்தது. நான் வந்ததைக் கண்டு திரும்பிப் பார்த்தது.

இல்லாத தடுப்பு

இருமல் சுத்தமாக நின்று, இனி மற்றக் கன்றுக்குத் தொற்றுமென்ற பயமில்லை என்று ஆன பிறகு, நடுத்தடுப்பை எடுத்துவிடச் சொன்னேன். தாயோடு விடுவதைப் பற்றியும் எனக்கு ஆசை இருந்தது. அது வேறு சண்டை, இன்னொரு நாள் போடலாம் என்று வைத்துக்கொண்டேன். அன்றைக்கு நான் கேட்டது கிடாரிக்கு ஒரே ஒரு துணை, கொஞ்சம் திறந்த மண்.

மழை விட்டு வெயில் அடித்த காலை. ரப்பர் மூடுகளுக்கு முன்னால் இருந்த வெற்றிடத்தைச் சுற்றி வில்சன் வலை கட்டியிருந்தார். கிடாரியின் முன்பக்கத் தடுப்பையும், இரண்டு கன்றுகளுக்கு நடுவே இருந்த தடுப்பையும் கழற்றித் தூக்கி ஓரமாகச் சாய்த்தார். நாங்கள் நால்வரும் விலகி நின்றோம்.

கிடாரி முற்றத்தில் முன்னால் வந்தது. தடுப்பு இருந்த இடத்துக்கு வந்ததும் நின்றுவிட்டது.

அங்கே எதுவும் இல்லை. வெறும் காற்று. ஆனால் அது அங்கேயே நின்றது, கம்பி இன்னும் இருக்கிற மாதிரி. கழுத்தைக்கூட அந்தக் கோட்டைத் தாண்டி நீட்டவில்லை. லில்லியக்காள் போய்ப் பின்னால் தட்டிவிடப் பார்த்தார். வேண்டாம் என்று கையைப் பிடித்தேன்.

காளைக்கன்றுதான் முதலில் வந்தது. அதற்கும் பயம்தான், காலைத் தூக்கித் தூக்கி வைத்தது. வந்து கிடாரியின் முகத்தை முகர்ந்தது. கிடாரி அதன் காதை நக்கியது. இத்தனை நாளும் பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டும் அப்போதுதான் முழுசாக ஒன்றை ஒன்று தொட்டன. காளைக்கன்று திரும்பி மண்ணில் இறங்கியது. கிடாரி ஒரு குளம்பைக் கோட்டுக்கு வெளியே வைத்தது. எடுத்துக்கொண்டது. மறுபடி வைத்தது.

பிறகு வாலை நெட்டுக்குத்தாகத் தூக்கியது.

அதற்கப்புறம் நடந்ததை வரிசையாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஓடியது. நேராக ஓடி, வலையில் முட்டப் போய், கடைசி நொடியில் திரும்பி, பின்னங்கால் இரண்டையும் ஆகாயத்தில் உதைத்தது. சறுக்கி விழுந்தது. எழுந்து, விழுந்ததைப் பற்றிக் கவலைப்படாமல், மறுபடி ஓடியது. காளைக்கன்று துரத்தியது, இது துரத்தியது. சேறு எங்கள் மேலெல்லாம் தெறித்தது. ஓரத்து ரப்பர் மூட்டில் பால் பிடிக்கக் கட்டியிருந்த சிரட்டை ஒன்று பறந்து போய் விழுந்தது. சில நாட்களுக்கு முன் தலையைத் தூக்க முடியாமல் கிடந்த உடம்பு அது. ஓடி எதையும் பிடிக்கவில்லை, எதனிடமிருந்தும் தப்பவில்லை. ஓட முடிகிறது என்பதற்காகவே ஓடியது. நான் டாக்டர் என்பதையெல்லாம் மறந்து வாயைப் பிளந்து நின்றேன். உலகத்தில் உயிர் என்று ஒன்று இருக்கிறதே, அதை அன்றைக்குக் கண்ணெதிரே கண்டேன் என்றுதான் சொல்லவேண்டும்.

லில்லியக்காள் சத்தம் போட்டுச் சிரித்தார். ஷீபா சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை, புருஷனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வில்சன் ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அங்க எத்தன ஆயிரம் கன்னுவளுக்கு நான் பால் குடுத்திருக்கேன் டாக்டரே," என்றார். "ஒண்ணு ஓடி நான் கண்டதில்ல. கன்னுன்னா குடிக்கும், கெடக்கும், அம்புட்டுத்தான்னு நெனச்சேன். இதுக்கு இப்பிடி ஓடத் தெரியும்னு எனக்குத் தெரியாது."

கன்றுகள் இரண்டும் நின்று மூச்சு வாங்கி, மறுபடி ஓடின.

ஷீபா அவர் பக்கத்தில் போய்க் குந்தினார். "இனி எங்கயும் போவாண்டாம்," என்றார். "இங்க இருந்து இதப் பாருங்க."

வில்சன் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மண்ணில் கையூன்றி எழுந்தார். தொழுத்துக்குள் போய் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு, சிவலைக் கன்றின் தடுப்பைக் கழற்ற ஆரம்பித்தார்.